நோயாளி வீட்டுக்கு ஒரு பாத்திரம் சோறு

ஒருவர் மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார் என்ற செய்தி தொண்டாமுத்தூர் வட்டாரத்து ஊர்களில் பரவ அரை நாள் போதும். மறுநாளே பூலுவப்பட்டியிலிருந்தும் ஆலாந்துறையிலிருந்தும் நரசிபுரத்திலிருந்தும் உற்றார் புறப்பட்டுவிடுவர். கையில் இளநீர், ஆப்பிள், சாத்துக்குடி, ரொட்டிப் பொட்டலம், சத்துமாவுப் புட்டி ஆகியவற்றுள் ஏதேனும் ஒன்று இருக்கும். நோயாளி வீடு திரும்பிய பின்னும் இரண்டு மூன்று வாரங்களுக்கு இந்த வருகை ஓய்வதில்லை. நோவு கேட்க வராதிருப்பது பெருங்குறை என்று கருதும் மண் நம்முடையது. அந்த அன்பை நாம் போற்றுகிறோம். ஆயினும், அந்த அன்பு வந்து சேரும் வீட்டில் அன்றைக்கு எத்தனை பேருக்கு உலை வைக்கப்படுகிறது, உலை வைப்பவர் யார், அவர் எந்நேரத்தில் உண்கிறார் என்ற கேள்விகளை நாம் எழுப்புவதில்லை. அவற்றை இவ்விதழில் எழுப்ப விரும்புகிறோம்.

நோயாளியைக் கவனித்துக்கொள்பவர் பெரும்பாலும் வீட்டில் சமைப்பவராகவும் இருக்கிறார். மனைவியோ, தாயோ, மகளோ, மருமகளோ, இரவெல்லாம் விழித்திருந்து மாத்திரை கொடுத்தவர், காலையில் நோயாளிக்கு உப்புக் குறைந்த கஞ்சி வைக்கிறார். பிள்ளைகளைப் பள்ளிக்கு அனுப்பச் சிற்றுண்டி செய்கிறார். பதினொரு மணிக்கு வரும் விருந்தினருக்குக் காப்பி கலக்கிறார். மதியம் அவர்கள் உண்ணாமல் திரும்பக் கூடாதென்று குழம்பும் பொரியலும் செய்கிறார். கடைசியில் அவர் உண்பது மூன்றரை மணிக்கு, அடிப்பாத்திரத்தில் ஒட்டியிருப்பதை. மருத்துவமனையில் இருக்கும் நாள்களிலோ தேநீரும் பன்னுமே அவருக்கு உணவு. அவரும் சர்க்கரை நோய்க்கு மாத்திரை உட்கொள்பவராக இருந்தால் இது வெறும் அசதியோடு முடிவதன்று. மாத்திரையை விழுங்கிவிட்டு வேளைக்கு உண்ணாதிருந்தால் இரத்தச் சர்க்கரை திடீரெனத் தாழ்ந்து, வியர்த்து, நடுங்கி, மயங்கி விழ நேரிடும். அதற்கு அஞ்சி மாத்திரையையே விட்டுவிட்டால் சர்க்கரை ஏறும். ஒரு நோயாளிக்குத் துணையாக வந்தவர் இரண்டாவது நோயாளியாக மாறும் வழி பல வேளைகளில் சமையலறையில்தான் தொடங்குகிறது.

எனவே எமது கருத்து இது: நோவு கேட்க வருவோர் பழத்தையும் புட்டியையும் விட்டு, ஒரு வேளைச் சோற்றைச் சமைத்துக் கொண்டுவர வேண்டும். அது நோயாளிக்கு மட்டுமன்று. அந்த வீட்டில் உள்ள அனைவருக்கும் போதுமானதாக இருக்க வேண்டும். பராமரிப்பவரும் அதைக் கூச்சமின்றிக் கேட்டுப் பெற வேண்டும்.

பிற நாடுகளில் ஒரு வழக்கம்

அமெரிக்கா போன்ற நாடுகளில் கேசரோல் என்று ஒரு சமையல் முறை உண்டு. பிரெஞ்சு மொழியிலிருந்து வந்த அச்சொல் பாத்திரத்தையும் குறிக்கும். அப்பாத்திரத்தில் அடுப்பிலிட்டு வேகவைத்து அப்படியே பரிமாறப்படும் உணவையும் குறிக்கும். பாஸ்தாவை அரைவேக்காடாக வேகவைத்து, பால் சேர்த்த வெண்குழம்பும் காய்களும் கலந்து, மேலே சீஸைத் துருவித் தூவி, பெரிய தட்டில் பரப்பிச் சூடான அடுப்பில் வாட்டி எடுப்பது அவற்றுள் பலரும் அறிந்த வகை. தென் இத்தாலியில் இதற்கு நெருங்கிய உணவு ஞாயிற்றுக்கிழமைகளில் குடும்பம் முழுவதும் கூடி உண்பதற்கென்று செய்யப்படுகிறது.

நம் கவனத்திற்குரியது அதன் சுவையன்று. அது எவ்விடத்திற்குச் செல்கிறது என்பதே. அமெரிக்காவில் ஒரு வீட்டில் குழந்தை பிறந்தாலும், ஒருவர் அறுவை சிகிச்சை முடிந்து திரும்பினாலும், ஒருவர் இறந்தாலும், அண்டை வீட்டார் இத்தகைய உணவைத் தட்டோடு கொண்டுபோய்க் கொடுப்பது வழக்கம். யூட்டா மாநிலத்தில் உருளைக்கிழங்கும் சீஸும் சேர்த்துச் செய்யும் ஒரு வகைக்கு 'இறுதிச்சடங்கு உருளைக்கிழங்கு' என்றே பெயர் நிலைத்துவிட்டது; நல்லடக்கத்திற்குப் பின் கூடுவோருக்கு அது பரிமாறப்படுவதே காரணம். ஒரே பாத்திரத்தில் முழு உணவும் அடங்கும். முன்னாளே செய்து குளிர்பெட்டியில் வைக்கலாம். எடுத்துச் செல்வது எளிது. பெறுபவர் சூடாக்கினால் போதும். துன்பத்தில் இருக்கும் வீட்டுக்கு ஏற்ற உணவுக்கு வேண்டிய இயல்புகள் இவையே.

அச்சொல் நம் ஊருக்கு வந்தபோது பொருள் சற்று மாறிவிட்டது. கோவையின் பாத்திரக் கடைகளில் கேசரோல் என்று கேட்டால் சூடு காக்கும் ஹாட்பாக்ஸை எடுத்துத் தருவார்கள். அந்த ஹாட்பாக்ஸ் கல்யாணச் சீரில் வந்து, பல வீடுகளில் பரண் மேல் உறங்குகிறது. அதை இறக்கிப் பயன்படுத்துவதற்கு நோயாளி வீட்டைவிடத் தகுந்த இடம் இல்லை.

நம்மிடமும் உள்ள வழக்கம்

இதை அயலாரிடம் கற்றுக்கொள்ள வேண்டுமா என்று சிலர் கேட்கலாம். வேண்டியதில்லை. இறப்பு நேர்ந்த வீட்டில் அடுப்பு மூட்டுவதில்லை என்பது தமிழகம் எங்கும் உள்ள வழக்கம். அவ்வீட்டாருக்கும் வந்து கூடுவோருக்கும் உறவினரே சமைத்துக் கொண்டுவந்து தருகின்றனர். துயரில் இருப்பவர் சமைக்கலாகாது, பட்டினியும் கிடக்கலாகாது என்ற தெளிவான அறிவு அதில் இருக்கிறது. வெள்ளியங்கிரி மலையேறும் பருவத்தில் பூண்டி அடிவாரத்தில் முன்பின் அறியாதவருக்கும் அன்னம் இடப்படுகிறது. வடலூரில் வள்ளலார் 1867-இல் தொடங்கிய தருமச்சாலையில் இன்றும் பசித்தோருக்குச் சோறு வழங்கப்படுகிறது. கூட்டத்திற்குச் சமைப்பதும், சமைத்ததைக் கணக்குப் பாராமல் கொடுப்பதும் நமக்குப் புதியன அல்ல.

எனினும் நோய் வந்த வீட்டில் மட்டும் இந்த முறை தலைகீழாக நிற்கிறது. இறப்பு வீட்டுக்கு நாம் உணவு கொண்டு செல்கிறோம். நோய் வீட்டுக்கோ உண்ணச் செல்கிறோம். இறந்தபின் காட்டும் கரிசனத்தை, உயிரோடு இருந்து மீண்டுவரப் போராடும் காலத்தில் ஏன் காட்டக் கூடாது? நாம் கேட்பது புதிய வழக்கத்தை அன்று. இருக்கும் நல்ல வழக்கத்தை முன்னதாகத் தொடங்குவதையே கேட்கிறோம்.

நோயின் கூட்டம் கல்யாணக் கூட்டத்தைப் போன்றதன்று என்பதையும் கவனிக்க வேண்டும். கல்யாணத்தில் ஆயிரம் பேர் ஒரே நாளில் உண்டு செல்வர். அதற்கெனச் சமையற்காரர் இருப்பர். நோயில் நாளொன்றுக்கு ஏழெட்டுப் பேர் நாற்பது நாள் வருவர். அதற்கு இருப்பவர் ஒருவரே. இந்த நாற்பது நாளைப் பங்கிட்டுக்கொண்டால் எவருக்கும் அது பாரமாகாது. பத்து வீடுகள் சேர்ந்தால் ஒரு வீட்டின் முறை நான்கு தடவை மட்டுமே வரும்.

கொங்கின் கேசரோல்

எதைச் சமைப்பது? நம் வட்டாரத்தில் இதற்கு விடை ஆயத்தமாக இருக்கிறது: அரிசியும் பருப்பும். கொங்கு வீடுகளில் பயணத்திலிருந்து திரும்பிய நாளிலும், தோட்டத்தில் ஆள் வேலை செய்யும் நாளிலும், எதிர்பாராமல் விருந்தினர் வந்த நாளிலும் செய்வது அதுவே. ஒரே பாத்திரத்தில் மாவுச்சத்தும் புரதமும் சேர்கின்றன. தொட்டுக்கொள்ளத் தயிரோ அப்பளமோ போதும். தொண்டாமுத்தூர்ப் பகுதியில் விளையும் சின்ன வெங்காயமும் தக்காளியும் அதற்குச் சுவை தருகின்றன.

25 பேருக்குச் செய்வதாயின் அளவு இவ்வாறு அமையும்: அரிசி 2 கிலோ, துவரம்பருப்பு அரை கிலோ, உரித்த சின்ன வெங்காயம் அரை கிலோ, தக்காளி அரை கிலோ, பூண்டு 100 கிராம், அவற்றுடன் மஞ்சள்தூள், சீரகம், மிளகு, வரமிளகாய், கறிவேப்பிலை, தாளிக்கத் தேங்காய் எண்ணெயோ கடலை எண்ணெயோ. அரிசியும் பருப்பும் சேர்ந்து ஒரு படி என்றால் மூன்று படி நீர். பருப்பை அரை மணி நேரம் ஊறவைத்துக்கொள்ளுங்கள். திறந்த அண்டாவில் செய்யும்போது பருப்பு பாதி வெந்தபின்பே அரிசியைப் போட வேண்டும். இரண்டையும் ஒன்றாகப் போட்டால் அரிசி குழைந்து பருப்பு வேகாமல் நிற்கும். குக்கரில் செய்தால் இரண்டையும் ஒன்றாகவே போடலாம். ஆனால் அரிசியும் பருப்பும் நுரைத்துப் பொங்குபவை ஆதலால் குக்கரைப் பாதிக்கு மேல் நிரப்பக் கூடாது. வீட்டில் இருப்பது 10 லிட்டர் குக்கர் என்றால், இந்த 2 கிலோவை மூன்று தடவையாகச் செய்வதே பாதுகாப்பு.

உப்புக்கு ஒரு கணக்கு உண்டு. ஒருவர் ஒரு நாள் முழுவதற்கும் 5 கிராமுக்குக் குறைவாகவே உப்பு உண்ண வேண்டும் என்று உலகச் சுகாதார நிறுவனம் கூறுகிறது. ஒரு வேளைக்கு 2 கிராம் என்று வைத்தால் 25 பேருக்கு 50 கிராம். கைப்பிடியால் அளக்காமல் தராசில் அளந்து போடுங்கள். சுவைக்குப் போதவில்லை என்பவர் தம் தட்டில் ஊறுகாய் வைத்துக்கொள்ளலாம். ஆனால் பாத்திரத்தில் விழுந்துவிட்ட உப்பை எவராலும் எடுக்க இயலாது.

நோயாளி வீட்டில் பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்பதை நாம் மறந்துவிடுகிறோம். வீட்டுப் பெரியவர்களின் முகம் வாடியிருக்கும் நாள்களில், அவர்களுக்கு என்ன பிடிக்கும் என்று கேட்க ஆளிருப்பதில்லை. அவர்களுக்காக ஒருநாள் சீஸ் போட்ட பாஸ்தாவே செய்து கொண்டுபோனால் அது ஆடம்பரமன்று. அதே 25 பேருக்குப் பாஸ்தா 2 கிலோ, பால் 4 லிட்டர், மைதா 250 கிராம், வெண்ணெய் 250 கிராம், கேரட், பீன்ஸ், பட்டாணி, குடைமிளகாய் எல்லாம் சேர்த்து 2 கிலோ, சீஸ் 750 கிராம் வேண்டும். வெண்ணெயில் மைதாவைப் பச்சை வாசம் போக வறுத்து, பாலைச் சிறிது சிறிதாக ஊற்றிக் கட்டி விழாமல் கலக்க வேண்டும். பாஸ்தாவைப் பொட்டலத்தில் குறித்த நேரத்திற்கு இரண்டு நிமிடம் முன்பே வடித்துவிட வேண்டும். எஞ்சிய வேக்காட்டை அது குழம்பில் பெறும். பாஸ்தா உறிஞ்சிக்கொள்ளும் என்பதால் குழம்பு நீர்க்கவே இருக்கட்டும். வடித்த நீரில் ஒரு லிட்டரை எடுத்துவைத்து அதற்குப் பயன்படுத்தலாம். 180 பாகை வெப்பத்தில் அரை மணி நேரம் வாட்டினால் மேற்புறம் பொன்னிறமாகும். ஓவன் இல்லாத வீட்டில், அடிகனமான பாத்திரத்தைத் தோசைக்கல்லின் மேல் வைத்து, மூடி, சிறுதீயில் சீஸ் உருகும் வரை வைத்தால் போதும். பொன்னிறம் வராது, பிள்ளைகள் அதைப் பொருட்படுத்த மாட்டார்கள்.

பதப்படுத்திய சீஸில் உப்பு மிகுதி. தலைக்கு 30 கிராம் சீஸ் என்றாலே ஏறத்தாழ 1 கிராம் உப்பு அதில் வந்துவிடுகிறது. ஆகவே குழம்பில் தனியாகச் சேர்க்கும் உப்பைப் பாதியாகக் குறைக்க வேண்டும். சீஸில் பாதிக்குப் பதிலாக உதிர்த்த பனீர் சேர்ப்பது இன்னும் நன்று.

நோயாளியின் பங்கு முதலில்

எல்லாருக்கும் ஒரே பாத்திரம் என்று நாம் கூறும்போது, நோயாளியும் கண்டதை உண்ணலாம் என்று பொருள் கொள்ளக் கூடாது. நோயாளிக்கு வேறு, வீட்டாருக்கு வேறு என்று இரண்டு அடுப்பு எரிவதால்தான் பராமரிப்பவர் களைத்துப் போகிறார். அதைத் தவிர்க்க ஒரு வழி உண்டு. அடிப்படை உணவை அனைவருக்கும் ஒன்றாகவே வேகவைத்து, உப்பு, காரம், நெய், சீஸ் ஆகியவற்றைச் சேர்க்கும் முன்னரே நோயாளியின் பங்கைத் தனிப் பாத்திரத்தில் எடுத்துவிடுவதே அது. இரத்த அழுத்தமும் இதய நோயும் உள்ளவருக்கு உப்பும் கொழுப்பும் குறைந்த பங்கு கிடைக்கும். சர்க்கரை நோயாளிக்கு அளவைக் குறைத்துக் காயைக் கூட்டி வைக்கலாம். துவரம்பருப்பின் அளவும் தக்காளியின் அளவும் சிறுநீரக நோயாளிக்கு எவ்வளவு என்பதை உணவியல் வல்லுநர் எழுதிக் கொடுத்திருப்பார். அந்தத் தாளைப் பார்த்தே அவருக்குரியதைச் செய்ய வேண்டும். பாலும் சீஸும் பாஸ்பரஸ் மிகுந்தவை. பதப்படுத்திய சீஸில் பாஸ்பேட் உப்புகளும் சேர்க்கப்படுகின்றன. டயாலிசிஸ் செய்துகொள்பவருக்குப் பாஸ்தாத் தட்டு ஏற்றதன்று.

இங்கே இளநீரைப் பற்றியும் கூறியாக வேண்டும். தென்னந்தோப்புகள் சூழ்ந்த இவ்வட்டாரத்தில் நோயாளியைக் காணச் செல்பவர் கையில் முதலில் ஏறுவது இளநீர்க் குலைதான். உடல்நலம் உள்ளவருக்கு அது நல்ல பானம். சிறுநீரகம் செயலிழந்தவருக்கோ அதிலுள்ள மிகுதியான பொட்டாசியம் இதயத் துடிப்பையே தடுமாறச் செய்யக்கூடியது. சாத்துக்குடிச் சாறும் வாழைப்பழமும் அவருக்கு அவ்வாறே. நலம் விரும்பித் தரும் பொருளே தீங்காகாதிருக்க ஒரே ஒரு கேள்வி போதும்: "அவருக்கு டாக்டர் என்ன சாப்பிடச் சொல்லியிருக்கிறார்?"

பக்கவாதம் வந்தவருக்கு விழுங்குவதில் தடுமாற்றம் இருக்கலாம். பரிவோடு ஊட்டும் ஒரு கவளம் மூச்சுக்குழாய்க்குள் சென்றுவிடும் ஆபத்து உண்டு. அறுவை சிகிச்சைக்கு முன்னும் பின்னும் உணவு விலக்கப்பட்டிருக்கும் நேரங்களும் உண்டு. ஆகவே நோயாளியின் வாயில் எதையும் வைக்குமுன் செவிலியரிடமோ பராமரிப்பவரிடமோ கேட்பதைக் கட்டாயமாகக் கொள்ளுங்கள்.

பெரிய பாத்திரத்தின் ஆபத்து

வீட்டுக்கு நான்கு பேருக்குச் சமைத்துப் பழகியவர் 25 பேருக்குச் சமைக்கும்போது சுவை கெடுவதைவிட, உணவு கெடுவதே பெரிய இடர். பெரிய பாத்திரம் மெதுவாகச் சூடாகும். அதைவிட மெதுவாக ஆறும். அண்டாவின் மேற்புறம் ஆறிவிட்டாலும் நடுப்பகுதி பல மணி நேரம் வெதுவெதுப்பாகவே இருக்கும். 5 பாகைக்கும் 60 பாகைக்கும் இடைப்பட்ட அந்த வெதுவெதுப்பே கிருமிகள் பெருகும் இடம். சோற்றில் பேசில்லஸ் சீரியஸ் என்னும் கிருமியின் வித்துகள் வேகவைத்த பின்னும் உயிரோடு இருக்கும். வெதுவெதுப்பில் கிடந்த சோற்றில் அவை முளைத்து ஒரு நச்சை உண்டாக்கும். அந்த நச்சு மீண்டும் சூடாக்கினாலும் அழிவதில்லை. உண்ட சில மணி நேரத்தில் வாந்தி வரக் காரணம் அதுவே. உடல்நலம் உள்ளவர் ஒரு நாள் வாந்தியோடு தேறிவிடுவார். புற்றுநோய் மருந்தால் எதிர்ப்பாற்றல் குன்றியவருக்கும், அறுவை சிகிச்சைத் தையல் ஆறாதவருக்கும், முதியவருக்கும், கைக்குழந்தைக்கும் அது உயிருக்கே கேடாகலாம்.

தடுப்பது கடினமன்று. சமைத்த உணவை வெளியில் இரண்டு மணி நேரத்திற்கு மேல் வைக்காதீர்கள். உடனே உண்பதாயின் ஆவி பறக்கச் சூடாகவே ஹாட்பாக்ஸில் அடையுங்கள். முதலில் அதில் கொதிநீரை ஊற்றி ஐந்து நிமிடம் வைத்துக் கொட்டிவிட்டு, உணவை விளிம்பு வரை நிரப்பி மூடினால் சூடு நெடுநேரம் நிற்கும். பாதி நிரம்பிய ஹாட்பாக்ஸ் விரைவில் ஆறிவிடும். மறுநாளுக்கு என்றால், அகன்ற தட்டங்களில் இரண்டு அங்குல உயரத்திற்கு மேற்படாமல் பரப்பி, ஆற்றி, இரண்டு மணி நேரத்திற்குள் குளிர்பெட்டியில் வையுங்கள். உண்ணும்போது வேண்டிய அளவை மட்டும் எடுத்து, நடுப்பகுதியும் நன்றாகக் கொதிக்கும்படி ஒருமுறை மட்டுமே சூடாக்குங்கள். பாத்திரத்தின் மேல் ஒரு தாளை ஒட்டி, என்ன உணவு, எத்தனை மணிக்குச் செய்தது, உப்பு எவ்வளவு என்று எழுதுங்கள். அந்த மூன்று வரி, களைத்துப்போன ஒருவருக்கு ஒரு குழப்பத்தை மிச்சப்படுத்தும்.

எழக்கூடிய மறுப்புகள்

வந்தவருக்குச் சோறு போடாமல் அனுப்புவது கொங்கு நாட்டுக்கு அழகா என்று பெரியவர்கள் கேட்பார்கள். விருந்தோம்பல் நல்லாயிருக்கும் வீட்டின் கடமை. நோயுற்ற வீட்டில் அக்கடமை விருந்தினர் பக்கம் மாறிவிடுகிறது என்பதே எமது விடை. இறப்பு வீட்டில் யாரும் இலை போடச் சொல்லி எதிர்பார்ப்பதில்லை. அதனால் அவ்வீட்டின் மானம் குறைந்துவிடுவதும் இல்லை.

பணம் கொடுத்தால் கடையில் வாங்கிக்கொள்ளலாமே என்பர் வேறு சிலர். பண உதவி பேருதவியே. மருந்துச் செலவுக்கு அது கட்டாயம் வேண்டும். எனினும் உணவகத்து உணவின் உப்பும் எண்ணெயும் நம் கையில் இல்லை. மலையடிவாரத்து ஊர்களுக்கு இரவில் உணவு கொண்டுவருவோரும் அரிது. மாலை சாய்ந்தபின் யானை நடமாட்டத்திற்கு அஞ்சி வெளியே செல்லத் தயங்கும் ஊர்களில், பக்கத்து வீட்டு அடுப்பே நம்பத்தகுந்த உணவகம்.

மூன்றாவது மறுப்பை எவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை: சமைப்பது பெண்கள் வேலை, அதைப் பங்கிட்டாலும் வேறொரு வீட்டுப் பெண்ணின் தலையில்தானே விழும் என்பது. இது நியாயமான ஐயம். ஆனால் கொங்கு நாட்டுக் கல்யாணப் பந்திக்கு அண்டாவில் கரண்டி பிடிப்பவர் பெரும்பாலும் ஆண்களே. ஆயிரம் பேருக்குச் சமைக்க ஆண் கை தகுமென்றால் ஏழு பேருக்குச் சமைக்கவும் தகும். அரிசியும் பருப்பும் செய்யத் தேவையானவை வெங்காயம் உரிக்கும் பொறுமையும் நீரை அளக்கும் கவனமும் மட்டுமே. அண்ணன் தம்பிகளும் மாமன் மைத்துனர்களும் தம் முறையைத் தாமே சமைத்துக் கொண்டுவருவார்களாக.

கேட்பதில் இழிவில்லை

இதுவரை நலம் விசாரிப்போரைப் பற்றிக் கூறினோம். இவ்விதழை வாசிப்பவர்களோ நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும். ஆதலால் முடிவாக உங்களிடமே பேசுகிறோம்.

"ஏதாவது வேண்டுமானால் சொல்லுங்கள்" என்று பலர் உங்களிடம் கூறியிருப்பார்கள். "ஒன்றும் வேண்டாம், நீங்கள் வந்ததே போதும்" என்று நீங்களும் விடை கூறியிருப்பீர்கள். அவ்விடை பண்பானது; ஆனால் உண்மையன்று. அடுத்த முறை அக்கேள்வி வரும்போது நாளும் வேளையும் அளவும் சொல்லி விடை தாருங்கள்: "புதன்கிழமை இரவு ஐந்து பேருக்கு அரிசியும் பருப்பும் செய்து தாருங்கள், அவருடைய பங்கில் உப்பு வேண்டாம்." உதவ விரும்புவோர் எதைச் செய்வதென்று அறியாமலே பழம் வாங்குகிறார்கள். தெளிவாகச் சொன்னால் பெரும்பாலோர் மகிழ்வோடு செய்வர்.

கேட்க மனம் வராவிடில் உங்களுக்காகக் கேட்க ஒருவரை அமர்த்துங்கள். நாத்தனாரோ, பங்காளி வீட்டு மருமகளோ, பக்கத்துத் தோட்டத்து நண்பரோ அப்பொறுப்பை ஏற்கலாம். யார் எந்நாள் கொண்டுவருவது, நோயாளிக்கு எது விலக்கு, எத்தனை பேருக்கு வேண்டும் என்பனவற்றை வாட்ஸ்அப்பில் அவரே அனைவருக்கும் தெரிவிக்கட்டும். உங்கள் கைப்பேசி மருத்துவரின் அழைப்புக்காக ஓய்ந்திருக்கட்டும். உணவு கொண்டுவருவோர் பத்து நிமிடத்தில் விடைபெறட்டும். திருப்பித் தர வேண்டியிராத பாத்திரத்தில் கொண்டுவரட்டும். இயலாவிடில் காலிப் பாத்திரத்தை மறுநாள் தாமே வந்து எடுத்துச் செல்லட்டும். நோயாளி மருத்துவமனையில் இருக்கும் நாள்களில் வார்டுக்குள் கூட்டமாக நுழையாமல், ஒருவர் மட்டும் வந்து, துணையிருப்பவரை வெளியே அழைத்து அமர்த்தி, அவர் உண்டு முடிக்கும் வரை நோயாளியின் அருகில் இருக்கட்டும்.

இந்த உதவியைப் பெறுவதால் நீங்கள் எவருக்கும் கடன்பட்டவராக மாட்டீர்கள். மொய் நோட்டு வைத்துத் தலைமுறை தாண்டியும் திருப்பிச் செய்யும் வழக்கம் நம்முடையது. இன்று உங்கள் வீட்டுக்கு வரும் ஒரு பாத்திரம் சோறு, எந்த நோட்டிலும் எழுதப்படாத மொய். நோயாளி தேறி எழுந்தபின், வேறொரு வீட்டில் நோய் என்று கேள்விப்படும் நாளில், வெங்காயம் உரிக்க உட்காருங்கள். அதுவரை, கொண்டுவருவதை வாங்கி, சூடு ஆறுமுன் முதலில் நீங்கள் உண்ணுங்கள். உங்கள் உடல் நிமிர்ந்து நின்றால்தான் நீங்கள் தாங்குபவரும் எழுந்து நிற்க முடியும்.